வாடகை வண்டியில் ஒரு திருப்பயணம்

திருத்தூதர்கள் நடந்தவர்கள். கையில் ஒரு கோல், காலில் மிதியடி என்ற அளவிலேயே ஆண்டவர் அவர்களை அனுப்பினார். அவர்களும் மலை கடந்தும் பாலை கடந்தும் நடந்தே நற்செய்தியைக் கொண்டு சென்றனர். ஆயினும் இறந்தபின் அவர்கள் மேற்கொண்ட பயணங்கள் வேறு வகையானவை. அவை பிறருடைய தோள்களிலும் பிறருடைய மரக்கலங்களிலும் நிகழ்ந்தவை. வாழ்நாளெல்லாம் தம் கால்களால் நடந்தவர்கள், இறுதியில் சுமந்து செல்லப்பட்டார்கள். இதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தென் இத்தாலியில், சலேர்னோ வளைகுடாவின் கரையில், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு திருத்தூதர்கள் துயில்கின்றனர். சலேர்னோ நகரில் புனித மத்தேயு. அமால்ஃபி என்னும் சிற்றூரில் புனித அந்திரேயா. நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்து மகிழ்ந்தாரே, இராயப்பரின் உடன்பிறப்பு, அவரேதான். மத்தேயுவின் திருப்பண்டங்கள் 954-ஆம் ஆண்டில் தெற்கே லூக்கானியா பகுதியிலிருந்து சலேர்னோவுக்குக் கொண்டுவரப்பட்டன என்பது அவ்வூர் மரபு. பெலவேந்திரரின் திருப்பண்டங்களோ கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கடல் கடந்து வந்தவை. நான்காம் சிலுவைப் போருக்குப் பின், அமால்ஃபியின் மைந்தரான கர்தினால் பியெத்ரோ கப்புவானோ அவற்றைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். 1208 மே 8 அன்று அவை பேராலயத்தில் வைக்கப்பட்டன. சுங்கச் சாவடியில் அமர்ந்து கணக்கு எழுதியவரும், வலையைக் கரையில் விட்டு எழுந்து சென்றவரும் இன்று ஒரே வளைகுடாவின் அண்டை வீட்டாராக இருக்கின்றனர்.

2025 யூபிலி ஆண்டில் உரோமைத் திருப்பயணத்தில் இணைந்தபோது, எங்கள் உள்ளத்தில் இருந்த ஊர் உரோமை மட்டுமன்று. அமால்ஃபியும் இருந்தது. எங்களுடன் வந்த அம்மாவுக்கு அகவை எழுபத்தெட்டு. இரு முழங்கால்களும் தேய்ந்தவை. மறைந்த அப்பா கடல்தொழில் செய்தவர். பெலவேந்திரர்மேல் பெரும் பற்றுடையவர். நவம்பர் 30 அன்று எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் கடலுக்குப் போகமாட்டார். அந்தப் புனிதரின் கல்லறையருகே ஒருமுறை முழந்தாளிட வேண்டும் என்பது அவர் சொல்லிச் சொல்லி நிறைவேறாமற்போன ஆசை. அதை அம்மா தம் நேர்ச்சையாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

உரோமையிலிருந்து சலேர்னோவரை தொடர்வண்டி உண்டு. அதில் இடர் ஏதுமில்லை. அமால்ஃபிக்குத்தான் இருப்புப்பாதை இல்லை. சலேர்னோவிலிருந்து செல்ல மூன்று வழிகள். முதலாவது, பேருந்து. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பயணிகள் கூட்டம் மிகுந்த நாள்களில் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டே போக நேரும். இரண்டாவது, வெப்பமான மாதங்களில் ஓடும் படகு. அம்மா உடனே அதைத்தான் விரும்பினார். கடலோடியின் மனைவிக்குக் கடல் அன்னியமன்று. ஆனால் அலை எழுந்தால் படகு புறப்படாது. புறப்பட்டாலும் ஆடும் பலகையில் கால்வைத்து ஏற அவருடைய முழங்கால்கள் இடங்கொடா. மூன்றாவது, ஓட்டுநருடன் கூடிய வாடகை வண்டி. அதையே தேர்ந்தோம்.

இந்த வாடகை வண்டி முறை நம் ஊர் வழக்கத்தினின்று சற்று மாறுபட்டது. இத்தாலியில் டாக்ஸி வேறு, ஓட்டுநருடன் வாடகைக்கு விடப்படும் வண்டி வேறு. டாக்ஸி தெருவிலுள்ள நிறுத்தத்தில் நின்று வருவோரை ஏற்றிக்கொள்ளும். மற்றதோ முன்பதிவின்றி வாராது. தெருவில் கைகாட்டி நிறுத்தவும் இயலாது. 1992-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டம் இவ்விரண்டையும் வரையறுத்துள்ளது. ஆகவே, யார், எத்தனை பேர், எத்தனை பெட்டிகள், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, போவதற்கு மட்டுமா திரும்புவதற்குமா, இடையில் எங்கேனும் நிற்க வேண்டுமா என்பதையெல்லாம் முன்னரே சொல்லியாக வேண்டும். கட்டணமும் முன்னரே பேசப்படும். அது ஆளுக்கு இவ்வளவு என்பதன்று. வண்டிக்கு இவ்வளவு என்பது.

உரோமையில் இறையியல் பயிலும் உறவினரான அருள்தந்தை ஒருவர், எங்கள் சார்பில் தம் கைப்பேசியில் இந்த ஏற்பாடுகளைச் செய்தார். அவர் கேட்டு எழுதிய செய்திகளுள் ஒன்று எங்களுக்குப் புதிது. அந்தக் கடற்கரைச் சாலையில் 2022 முதல், நெரிசல் மிகுந்த நாள்களில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாளே தனியார் வண்டிகளை விடுகிறார்களாம். உரிமம் பெற்ற வாடகை வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. எனவே, தெரிந்தவர் எவரிடமேனும் வண்டியை இரவல் பெற்றுப் போகலாம் என்ற எண்ணத்தை விட்டோம்.

பதிவு உறுதியானதும் அம்மாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வேளாங்கண்ணிக்கு நாங்கள் ஆறு நாள் நடந்தோம். வெறுங்காலோடு நடந்தோம். காசு கொடுத்து, காரில் சாய்ந்து உட்கார்ந்து போவதற்குப் பெயர் திருப்பயணமா, ஐயா?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. அருள்தந்தையும் புன்னகைத்தாரேயன்றி விளக்கம் சொல்ல முற்படவில்லை. ஏனெனில் அது இடக்கான கேள்வியன்று. திருப்பயணம் என்றால் நடை, நோன்பு, கொப்புளம், வழியெல்லாம் செபமாலை என்றே நம் மக்கள் பழகியிருக்கிறார்கள். அந்த நடையில் ஒரு பெருமிதம் இருக்கிறது, அது தவறானதுமன்று. ஆனால் கால்கள் ஓய்ந்தபின் அந்தப் பெருமிதத்தை எங்கே வைப்பது? வயது முதிர்ந்தோர் பலருடைய உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் முள் இது. தம்மால் இயலவில்லையே என்பதைவிட, பிறர் தம்மைச் சுமக்க நேர்ந்ததே என்பதுதான் அவர்களை வருத்துகிறது.

பேசிய கட்டணம் நூறு யூரோவைத் தாண்டியது. நம் பணத்தில் எண்ணிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குள் அதைப்பற்றிப் பேசாமலும் இல்லை. மத்தேயுவின் ஊருக்குப் போகும் வழியில் கணக்குப் பார்ப்பது பொருத்தந்தானே! அவருடைய நற்செய்தியில் மட்டுமே காணப்படும் உவமை ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடிய உரிமையாளர் விடியலில் கூலியைப் பேசி, மாலையில் பேசியபடியே கொடுக்கிறார். அந்த உவமையின் முடிவு இறைவனின் தாராளத்தைச் சொல்கிறது. ஆனால் அதன் தொடக்கம் ஒரு நேர்மையான ஒப்பந்தம். காசைக் கையாண்ட மத்தேயுவுக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கும். பேசிய கூலியைப் பேசியவாறு கொடுப்பதும், வாங்கியதற்கு ஏற்பப் பணிசெய்வதும் இறையாட்சிக்குப் புறம்பானவையல்ல என்ற எண்ணம் எங்களுக்கு ஆறுதல் தந்தது.

சலேர்னோவை முதல்நாள் மாலை அடைந்தோம். பேராலயம் நார்மன் தலைவர் இராபர்ட் கிஸ்கார்டு எழுப்பியது. திருத்தந்தை ஏழாம் கிரகோரியார் உரோமையை இழந்து இந்நகரில் அடைக்கலம் புகுந்து, 1085-இல் இங்கேயே இறந்தார். இக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். நிலவறையில் மத்தேயுவின் கல்லறைமேல், மைக்கேலாஞ்சலோ நாக்கெரினோ என்னும் சிற்பி வடித்த வெண்கலத் திருவுருவம் இரண்டு முகங்களாக இரு திசையையும் நோக்கி அமர்ந்திருக்கிறது. எப்பக்கம் முழந்தாளிட்டாலும் புனிதர் நம்மையே பார்க்கிறார். அம்மா முழந்தாளிட இயலாமல் விசிப்பலகையில் அமர்ந்தே செபித்தார். “இவரும் உட்கார்ந்துதானே இருக்கிறார்” என்று மெல்லச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தங்கியிருந்த கன்னியர் விடுதி வாயிலில், வெள்ளைச் சட்டையணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சிறு அட்டையுடன் நின்றார். அட்டையில் அம்மாவின் பெயர்! இரண்டு எழுத்துகள் மாறியிருந்தாலும் அவருடைய பெயர்தான். பன்னாட்டு மக்கள் நடமாடும் அயலூர்த் தெருவில் ஒருவர் தம் பெயரை ஏந்தி நிற்பதை அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். முன்பின் அறியாத ஒருவர், முன்பின் அறியாத எங்களுக்காக, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்திற்கு முன்பே வந்து நிற்கிறார். பார்க்காமலே ஒருவர் வாக்கை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் இந்தச் சிறிய நம்பிக்கையின்மேல்தான் உலகத்தின் பல காரியங்கள் நடைபெறுகின்றன.

சாலை வியெத்ரியில் தொடங்குகிறது. மட்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது; கோயிலின் குவிமாடத்திலும் வண்ண ஓடுகள் மின்னுகின்றன. அதன்பின் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல். 163-ஆம் எண் கொண்ட இந்தச் சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் முற்றுப்பெற்றது. அதற்கு முன் இவ்வூர்களுக்குக் கடலும் கழுதைகள் ஏறும் படிப்பாதைகளுமே வழி. மலைச்சரிவில் கல்லடுக்கித் தட்டுத்தட்டாக அமைத்த எலுமிச்சைத் தோட்டங்கள். அவற்றின்மேல் விரித்த கரிய வலைகள். அம்மா அவற்றை மீன்வலை என்றே முதலில் எண்ணினார்.

செத்தாரா என்னும் மீனவர் குப்பத்தில் வண்டியை நிறுத்துமாறு முன்பே சொல்லியிருந்தோம். நெத்திலி மீன்தான் அவ்வூரின் வாழ்வு. தலையும் குடலும் நீக்கிய நெத்திலியைச் சிறு மரத்தொட்டிகளில் உப்புடன் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டு வடியும் செம்பொன் நிறச் சாற்றைப் புட்டியில் அடைக்கிறார்கள். அதன் பெயருக்கு 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்புரிமையும் கிடைத்துள்ளது. கடையில் ஒரு துளியைச் சுவைத்துப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கருவாட்டு மணம் அறிந்த நாவுக்கு அது அயல்நாட்டுப் பண்டமாகத் தோன்றவில்லை.

அவ்வூர்க் கோயில் யாருடையது என்று கேட்டார். இராயப்பருடையது என்று ஓட்டுநர் சொன்னார். தம்பியைக் காணச் செல்லும் வழியில் அண்ணன் வீடு! அம்மா கோயிலை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்தார். வண்டி மீண்டும் நகர்ந்த பிறகு, சாளரத்தின் வழியே கடலைப் பார்த்தவாறே சொன்னார்: “வயதானபின் வேறொருவர் கூட்டிப்போவார் என்று ஆண்டவர் இராயப்பருக்கே சொன்னாரே. எனக்கு மட்டும் சொல்லமாட்டாரா?”

அந்த நற்செய்திப் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறோம். இராயப்பர் எவ்வகைச் சாவினால் இறைவனை மகிமைப்படுத்துவார் என்பதற்கான முன்னறிவிப்பு என்றே அதற்குப் பொருள் கேட்டிருக்கிறோம். அது உண்மையே. ஆயினும் தேய்ந்த முழங்கால்களுடன் அதைக் கேட்பவருக்கு, அது முதுமையைப் பற்றிய சொல்லாகவும் ஒலிக்கிறது. இளமையில் தானே கச்சை கட்டி விரும்பிய இடத்துக்கு நடந்தவன், முதுமையில் கைகளை நீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கை நீட்டிக் கொடுப்பதும் ஆண்டவரைப் பின்செல்வதே. ஏனெனில் அந்த முன்னறிவிப்பைச் சொன்ன அதே மூச்சில்தான் அவர் இராயப்பரைத் தம்மைப் பின்தொடருமாறு அழைத்தார்.

மாயோரிக்கு அப்பால் ஒரு வளைவில் இரண்டு பெரிய பேருந்துகள் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டன. முன்னும் பின்னும் வண்டிகள் வரிசையாக நின்றன. முக்கால் மணி நேரம் அசைவில்லை. எங்கள் ஓட்டுநர் ஒலிப்பானை ஒருமுறையும் அழுத்தவில்லை. இறங்கிச் சென்று, பின்னுள்ளவர்களைச் சிறிது சிறிதாகப் பின்வாங்கச் செய்து, திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நேரம் கூடியதற்குப் பணம் கூடுமா என்று தயக்கத்துடன் கேட்டோம். இல்லை, பேசியது பேசியதுதான் என்றார். திராட்சைத் தோட்ட உவமையில் முழுநாள் உழைத்தோர் முணுமுணுத்தனர். இவரோ முணுமுணுக்கவில்லை. எங்களுக்கு அந்த உவமை புதியதொரு பக்கத்திலிருந்து விளங்கியது.

மினோரி கடந்து, பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சியான அத்ரானி கடந்து, அமால்ஃபி வந்தது. வண்டி கடற்கரைத் திடல்வரைதான் போகும். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லி ஓட்டுநர் விடைபெற்றார். வாயில் வளைவுக்குள் நுழைந்தால் சிறு சதுக்கம். நடுவே பெலவேந்திரரின் பெயரால் அமைந்த நீரூற்று. எதிரே வானை நோக்கி எழும் படிக்கட்டு. அறுபத்திரண்டு படிகள்.

ஜூன் 27 அன்றும் நவம்பர் 30 அன்றும் பெலவேந்திரரின் திருவுருவத்தை ஊர்வலமாகக் கொண்டுவரும் மக்கள், கடைசியில் இந்தப் படிகளில் அதைத் தோள்களில் சுமந்தவாறே ஓடி ஏறுவது வழக்கம். 1544-இல் பார்பரோசாவின் கப்பற்படை நெருங்கிவந்தபோது புயலெழுந்து ஊர் காக்கப்பட்டது. அது பெலவேந்திரரின் பரிந்துரையால் என்று நம்பி, ஜூன் விழாவைக் கொண்டாடுகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னோம். “அப்படியென்றால் அவரும் இந்தப் படியில் நடந்து ஏறுவதில்லை” என்றார். அந்தச் சிரிப்பைக் கண்டு எங்களுக்கும் நெஞ்சின் சுமை இறங்கியது.

இருபுறமும் தாங்கிக்கொண்டோம். ஐந்து படிக்கு ஒரு நிறுத்தம். நிறுத்தத்துக்கு ஓர் அருள்நிறை மரியே. முப்பதாம் படியில் நெடுநேரம் அமர்ந்தார். மேலே சென்று, பின் நிலவறைக்குப் படியிறங்கி, கல்லறையை அடைந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. அங்கும் நாக்கெரினோ வடித்த வெண்கலத் திருவுருவமே. சலேர்னோவில் மத்தேயுவை வடித்த அதே கை. அம்மா அப்பாவின் பழைய செபமாலையை எடுத்து, கம்பியழிமேல் சற்று நேரம் வைத்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

பெலவேந்திரரைப் பற்றி நற்செய்திகள் அதிகம் சொல்வதில்லை. யோவான் நற்செய்தியில் அவர் முன்வந்து செயலாற்றும் இடங்கள் மூன்றே. தம் சகோதரர் சீமோனை இயேசுவிடம் அழைத்து வந்தார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனை அவருக்குச் சுட்டிக்காட்டினார். இயேசுவைக் காண விரும்பிய கிரேக்கரின் வேண்டுகோளைப் பிலிப்புவுடன் சேர்ந்து அவரிடம் கொண்டு சென்றார். மூன்றிலும் அவர் செய்தது ஒன்றே: பிறரை ஆண்டவரிடம் கொண்டுசேர்த்தார். பேருரை ஆற்றவில்லை, அழைத்து வந்தார், அவ்வளவே. இராயப்பர் திருச்சபையின் பாறையானார் என்று போற்றுகிறோம். அந்தப் பாறையை முதன்முதலில் ஆண்டவர்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் இவர்.

அவருக்கும் அதே கைம்மாறு கிடைத்தது போலும். அவருடைய திருத்தலை 1462-இல் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டது. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைக் கிரேக்க நாட்டில் அவர் இரத்தம் சிந்திய பத்ராஸ் நகருக்கே, ஆர்த்தடாக்ஸ் சகோதரர்களிடம், திருப்பி அனுப்பினார். பிரிந்த சகோதரர்களை நோக்கி நீட்டிய அன்பின் கரமாக அமைந்தது அந்தப் பயணம். பிறரை அழைத்துவந்தவர், இறந்தபின்னும் சுமந்து செல்லப்பட்டு, இரு திருச்சபைகளை அருகே கொண்டுவந்தார்.

திரும்பும்போது, சொன்னபடி நான்கு மணிக்கு வண்டி நின்றது. யாருக்காகவெல்லாம் செபித்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டோம். அப்பாவின் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லிவிட்டு, முன்னிருக்கையைக் காட்டி, “கூட்டிவந்த இந்தத் தம்பிக்கும்” என்றார்.

அம்மாவின் கேள்விக்கு இப்போது எங்களால் ஓரளவு விடை சொல்ல இயலும். முடக்குவாதமுற்றவனைக் கட்டிலோடு சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நாம் அறிவோம். அவன் ஓர் அடியும் நடக்கவில்லை. ஆனாலும் ஆண்டவரிடம் வந்து சேர்ந்தான். ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய நம்பிக்கையை. நடப்பவனுக்கு நடை திருப்பயணம். நடக்க இயலாதவனுக்குச் சுமக்கப்பட இசைவதே திருப்பயணம். சுமப்பவனுக்கோ அந்தச் சுமையே திருப்பயணம். கூலிக்குச் சுமந்தாலும், முகங்கோணாமல் சொன்ன சொல் தவறாமல் சுமப்பவன் அதில் பங்குபெறுகிறான்.

இதற்கு அமால்ஃபிவரை போக வேண்டியதில்லை. நம் ஒவ்வொரு பங்கிலும், முன்பு முதல் வரிசையில் அமர்ந்து, பிறகு பின்வரிசைக்கு நகர்ந்து, இப்போது ஞாயிறு திருப்பலிக்கே வராமற்போன முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை நற்கருணை வீடு தேடி வருகிறது, அது பேறுதான். ஆனால் கோயிலுக்குள் வந்து, கூட்டத்தோடு சேர்ந்து பாடி, பழகிய தூணில் சாய்ந்து அமர வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுக்கு உண்டு. பிறரைத் தொந்தரவு செய்யலாகாது என்று அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓர் ஆட்டோவை ஞாயிறு காலையில் பேசிவிடுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு தெருவில் மூவரையோ நால்வரையோ ஏற்றிவர ஓர் இளைஞனுக்கு எவ்வளவு நேரமாகும்?

நவம்பர் 30 பெலவேந்திரர் திருநாள். அதற்கு முன் நம் தெருவில் ஒரு வீட்டுக் கதவையேனும் தட்டி, எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டு வைப்போம்.